கருக்கும் கூளமாதாரியும்

கல்வி வந்தால் சாதி அகன்றுவிடும் என்பது நம் பிரசங்கபீடங்களில் நெடுங்காலம் ஒலித்துவரும் வாக்கு. பாமாவின் ‘கருக்கு’ (1992) அவ்வாக்குக்குச் சான்றெனப் பலரால் எடுத்தாளப்படுகிறது. நாம் அவ்வாறு கருதவில்லை.

தன் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல், கயிற்றைப் பிடித்துத் தூக்கிச் செல்வதைக் கண்டு பள்ளிச் சிறுமி நகைக்கிறாள். அது வேடிக்கையன்று, தீட்டு என்று அண்ணன் விளக்குகிறார்; கருத்தாய்ப் படித்து முதன்மை பெற்றால் மதிப்புத் தானே வரும் என்றும் கூறுகிறார். அவளும் வெறிகொண்டு படிக்கிறாள், ஆசிரியையாகிறாள், கன்னியர் மடத்திலும் சேருகிறாள். ஆயினும் பேருந்தில் அவள் இறங்கும் இடத்தைக் கேட்டறிந்தவர்கள் இருக்கை மாறி அமருகின்றனர். மடத்துக்குள்ளும் அதே அளவுகோல். (இது ரோமச் சபையின் குறை என்று நாம் ஆறுதல் கொள்ளலாகாது. நம் சபைகளில் திருமணப் பேச்சு எழுந்ததும் முதலில் கேட்கப்படுவது யாதென்று குருமார் அறிவர்.)

ஆகவே வாசிப்பு அவளுக்கு ஒளிந்துகொள்ளும் புகலிடமாகவில்லை. அமெரிக்காவில் அடிமையாய்ப் பிறந்த பிரெடரிக் டக்ளஸ், எழுத்தறிவு தமக்குச் சில வேளைகளில் சாபமாகவே தோன்றிற்று என 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில் கூறியதை இங்கு ஒப்புநோக்கலாம். கட்டு எத்தகையதென்று காட்டிய எழுத்து, அதை உடனே அறுத்துவிடவில்லை. மடத்தை விட்டு வெளியேறித் தாமே எழுதத் துணிந்தபோதுதான் பாமாவுக்கு அது ஆயுதமாயிற்று. பனங்கருக்கை எபிரெயர் 4:12இன் பட்டயத்தோடு முன்னுரையில் அவரே இணைக்கிறார். நம் பழைய மொழிபெயர்ப்பில் அவ்வசனத்தில் ‘கருக்கு’ என்ற சொல்லே நிற்பதை வேதபாட மாணவர் கவனிப்பாராக. நூலின் பேச்சுத்தமிழ் நெருடுகிறது என்போர் அந்தக் கருக்கையே மழுக்கச் சொல்லுகின்றனர்.

இனி நம் சேலம், நாமக்கல் சமவெளிக்கு வருவோம். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) நாவலில் அருந்ததியச் சிறுவன் கூளையன் பண்ணையத்து ஆடுகளை மேய்க்கிறான். பண்ணையக்காரர் மகன் செல்வன் பள்ளிக்குச் செல்கிறான். இருவரும் கூடி விளையாடுவர். ஆயினும் ஒருவன் ஏவ, மற்றவன் பணிய வேண்டும். படிக்கச் சொல்ல அண்ணன் வாய்க்காத பிள்ளை இவன். ஆசிரியரோ திருச்செங்கோட்டுப் பகுதி வேளாண் குடும்பத்தில் பிறந்தவர். கூளையன் தன் கதையைத் தானே எழுதவில்லை. இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. எழுத்து யாருக்கு எட்டிற்று என்பதை நாவல் சொல்லாமலே சொல்லிவிடுகிறது.

சேலத்தில் லண்டன் மிஷன் 1827இல் பணி தொடங்கிற்று. ஆடுகளைப் பட்டியில் அடைத்த பிறகு வந்து படிக்கத்தக்க பள்ளிகள் இச்சமவெளியில் எத்தனை நடந்தன என்பதை, சபைச் சரித்திரம் எழுத முனையும் நம் மாணவர் ஒருவர் தேடிப் பார்க்கட்டும்.