'முதல் பெண்' என்று முடிந்துவிடும் கதை

கேத்தி எங்கல்பர்ட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் 'முதல்' என்ற சொல்லை விடுவதில்லை. அமெரிக்காவின் நான்கு பெரிய தணிக்கை நிறுவனங்களில் ஒன்றான டெலாய்ட்டுக்கு 2015இல் தலைமையேற்றபோது, அந்நால்வரில் அப்படியொரு பொறுப்புக்கு வந்த முதல் பெண். 2019இல் பெண்கள் கூடைப்பந்து லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வின் முதல் 'கமிஷனர்'. 1996இல் பொறுப்பேற்ற வால் ஆக்கர்மன் தொடங்கி அவருக்கு முன்பிருந்தவர்கள் 'பிரசிடென்ட்' மட்டுமே. ஆண்கள் லீகின் தலைமைக்கு இருந்த பதவிப்பெயர் பெண்கள் லீகுக்கு வந்துசேர 23 ஆண்டுகள் பிடித்தன.

இந்த 'முதல்' அற்பமானதல்ல. ஆனால் கதையை அதோடு முடித்துவிட்டால், மைதானத்தில் ஓடுகிறவர்கள் அதிலிருந்து காணாமல் போகிறார்கள்.

அவருடைய முதல் பெரிய சாதனையாகச் சொல்லப்படுவது 2020 ஊதிய ஒப்பந்தம். அடிப்படை ஊதியத்தின் உச்சவரம்பு சுமார் 1,17,500 டாலரிலிருந்து 2,15,000 டாலராக உயர்ந்தது. மகப்பேறு விடுப்பில் முழு ஊதியம் உறுதியானது. ஆனால் பழைய ஒப்பந்தத்திலிருந்து வெளியேறுவதென்று வீராங்கனைகளின் சங்கம் முடிவெடுத்தது 2018 நவம்பரில். எங்கல்பர்ட் வருவதற்கு எட்டு மாதங்களுக்கு முன். அப்போது சங்கத் தலைவர் நெக்கா ஒகுமிக்கே. தாய்மைக்கான ஊதியம் யாரும் மனமிரங்கிக் கொடுத்ததல்ல; பேரம் பேசிப் பெற்றது.

பிறகு பணம் வந்தது. 2024இல் 11 ஆண்டுகளுக்குச் சுமார் 220 கோடி டாலர் ஒளிபரப்பு ஒப்பந்தம். 2025இல் புதிய அணி ஒவ்வொன்றுக்கும் 25 கோடி டாலர் நுழைவுக் கட்டணம். அதே ஆண்டு ஜூலையில், நட்சத்திர ஆட்டத்துக்கு முன்பு, எங்களுக்குரியதைக் கொடுங்கள் என்று கோரும் வாசகம் அச்சிட்ட சட்டைகளோடு வீராங்கனைகள் களமிறங்கினார்கள். செப்டம்பரில் சங்கத் துணைத் தலைவர் நஃபீசா கோலியர் லீகின் தலைமையைப் பெயர் சொல்லிச் சாடினார். தங்களுக்குள் நடந்த உரையாடலைக் கோலியர் சித்திரித்த விதம் வருத்தமளிப்பதாக எங்கல்பர்ட் பதிலளித்தார்.

இருவரில் யார் நல்லவர் என்று தேடுவது பயனற்றது. கமிஷனர் பதில் சொல்ல வேண்டியது அணி முதலாளிகளுக்கு. அந்த நாற்காலியில் பெண் அமர்ந்தாலும் அதன் வேலை மாறுவதில்லை. அடுத்த முறை ஒரு 'முதல் பெண்' கதையைப் படிக்கும்போது, பேச்சுவார்த்தையில் அவருக்கு எதிரே அமர்ந்திருந்த பெண்களின் பெயர்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.