தலைகீழ் ஆப்பம்

ஆப்பத்துக்கு நடு தடிப்பு, ஓரம் மெல்லிசு. பால்வீதியின் வாயுத்தட்டு இதற்கு நேர்மாறு: உள்ளே ஒட்டிக் கிடக்கிறது, விளிம்பில் உப்பிவிடுகிறது. அங்கே விண்மீன்கள் குறைவு. வாயுவைப் பிடித்து அமுக்க ஈர்ப்பு போதவில்லை.

சூரியனின் அக்கம்பக்கத்தில் இந்த வாயுத்தட்டின் அடுக்குகளைப் பார்ப்பதே ஒரு சுகம். குளிர்ந்த மூலக்கூறு மேகங்கள் பெரும்பாலும் நடுத்தளத்திலிருந்து சில நூறு ஒளியாண்டுகளுக்குள் அடங்கிவிடும். அணு ஹைட்ரஜன் அதைவிட உயரம். அயனியான வெதுவெதுப்பான வாயுவோ ஆயிரக்கணக்கான ஒளியாண்டு மேலே மிதக்கிறது. வெப்பம் மட்டுமா தாங்குகிறது? கொந்தளிப்பும் காந்தப்புலமும் காஸ்மிக் கதிர்களும் தோள் கொடுக்கின்றன.

இந்த அணு ஹைட்ரஜன் 21 செ.மீ. ரேடியோ அலையில் முணுமுணுப்பதை 1951இல் ஹார்வர்டில் இயற்பியலாளர்கள் யூவனும் பர்செல்லும் முதலில் கேட்டார்கள். கருவி, ஜன்னலுக்கு வெளியே நீட்டிய ஒட்டுப்பலகைக் கூம்பு. மழை பெய்தால் புனல் மாதிரி தண்ணீரை ஆய்வகத்துக்குள் கொட்டும்!