எந்த வளைவில் ஏசியை நிறுத்துவது?

மே மாதக் கோடை விழாவுக்கு ஏற்காடு போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். சேலம் அடிவாரத்தில், முதல் கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே ஓட்டுநர் ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கச் சொல்வார். வெளியே 40 டிகிரி. பின்னிருக்கையில் பாட்டியும் கைக்குழந்தையும் வியர்த்து வழிவார்கள். மொத்தம் 20 வளைவுகள். முதல் ஏழெட்டு வரைக்கும் மலைக்குப் போகிறோம் என்ற நினைப்பே வராது.

இலங்கையிலும் இந்த வழக்கம் உண்டு. ஏப்ரல் வசந்தகாலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியா போகும் வான்களிலும் ஏற்றத்தில் ஏசியை நிறுத்துவார்கள். ஆனால் அங்கே அது யாரையும் வாட்டுவதில்லை. கண்டியே ஏறத்தாழ 500 மீட்டர் உயரம். கம்பளை, புசல்லாவை தாண்டி றம்பொடையை நெருங்கும்போது கண்ணாடியை இறக்குவது சுகம். சேலமோ 280 மீட்டர் சமவெளி. அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் 1,500 மீட்டருக்கு ஏறியாக வேண்டும். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரிதான் வெப்பம் குறையும் என்பதால், ஏற்காட்டுக் குளிர் பாதி மலைக்கு மேல்தான் உடம்பில் படும்.

இந்த வழக்கம் காரணமில்லாமல் வந்ததல்ல. மாருதி 800 காலத்தில் பெல்ட்டில் சுழலும் கம்ப்ரசர், அந்தச் சின்ன எஞ்சினின் வலுவில் பத்தில் ஒரு பங்கு வரை இழுத்துக்கொள்ளும். இரண்டாவது கியரில் ஊர்ந்தால் முன்பக்கக் கண்டென்சருக்குக் காற்றும் போதாது. இன்றைய கார்கள் பல, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் கம்ப்ரசரைச் சற்று நேரம் தாமே விடுவித்துக்கொள்கின்றன. கார் மாறியும் பழக்கம் மாறவில்லை.

வெக்கையிலும் வேறுபாடு உண்டு. கொழும்பில் 32 டிகிரிதான் என்றாலும் காற்றில் ஈரம் அதிகம். கூலிங் காயில் தன் வலுவில் கணிசமான பங்கை அந்த ஈரத்தைத் தண்ணீராகச் சொட்டவைப்பதிலேயே செலவிடும். சேலத்தின் வறண்ட வெயிலில் அந்த வேலை குறைவு. அங்கே திணறுவது கண்டென்சர். அனல் காற்றில் சூட்டை இறக்கிவைக்க அதற்கு இடமில்லை.

இலங்கை வீதிகளில் ஜப்பானிலிருந்து வந்த பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்கள் ஏராளம். அவற்றில் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுகிறது. எஞ்சின் நின்றாலும் நெரிசலில் குளிர் குறையாது. அதைவிட முக்கியம், அவற்றின் ஹைபிரிட் பற்றரி காருக்குள் இருக்கும் காற்றை இழுத்துத்தான் குளிர்கிறது. கடும் வெயிலில் அவற்றில் ஏசியை அணைப்பது பற்றரியையும் சேர்த்து வாட்டுவதாகும். 2020இல் வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் தனியார் கார்களுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கார்களையே பேணி ஓட்டியவர்களுக்கு பற்றரி வாடுவது சின்ன விஷயமல்ல.

ஏற்காட்டுக்கு என் கணக்கு இது: பத்தாவது வளைவு வரை ஏசி ஓடட்டும், எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறினால் மட்டும் உடனே நிறுத்துங்கள். மேலே பனிமூட்டம் வந்தால் கண்ணாடி மங்காமலிருக்க மறுபடி போடுங்கள். ஏசியின் குளிர் குறைந்ததும் ‘கேஸ் போயிடுச்சு’ என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். மலைக்குப் போகும் முன் கண்டென்சரில் அடைந்த தூசியைத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். கேஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.