பெயரும் எண்ணும்

முதல் உலகப் போரின்போது மெசபடோமியக் களத்தில் இறந்து, கல்லறை இருக்குமிடம் தெரியாமல் போனவர்களுக்காக 1929இல் பாஸ்ராவில் ஒரு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. 40,000க்கும் மேற்பட்டோருக்கான சின்னம் அது. அதை ஒரு பிரதியாக வாசித்துப் பார்ப்போம். வெள்ளைச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. அதிகாரி என்றால் இந்தியனுக்கும் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கோ ரெஜிமெண்டின் பெயர், அதன்கீழ் ஒரு எண்ணிக்கை. அவ்வளவுதான்.

இத்தனைக்கும் இனம், பதவி, மதம் பாராமல் இறந்தவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைவுகூர்வதே தன் கொள்கை என்று அறிவித்துக்கொண்டது, 1917இல் அமைக்கப்பட்ட போர்க் கல்லறை ஆணையம். இந்தியப் பெயர்களைக் கல்லில் ஏற்ற முடியாது என்று சொல்லவும் வழியில்லை. பிரான்சில், நவ் ஷாப்பெலில் அதே ஆணையம் 1927இல் எழுப்பிய சின்னத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களுக்கு இடமிருக்கிறது, பெயரோடு. அதே ராணுவம், அதே போர். ஐரோப்பியன் வந்து பார்க்கிற இடத்தில் பெயர், பாஸ்ராவில் எண். ஆக, 'காணாமல் போதல்' போர்க்களத்தோடு முடிந்துவிடுவதில்லை. உடலைத் தொலைத்தது போர். பெயரைத் தொலைத்தது நினைவுகூரும் அதிகாரம்.

இது எங்கோ நடந்த கதையில்லை. மெசபடோமியாவில் மதராஸ் சாப்பர்ஸும் இருந்தார்கள். நம் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றில் இன்றும் கல்வெட்டு உண்டு: இந்த ஊரிலிருந்து போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், உயிர் விட்டவர்கள் இத்தனை பேர். இங்கேயும் எண்தான். போனவன் எந்தத் தெருக்காரன், என்ன சாதி, எதுக்குப் போனான், கடனுக்கா, கூலிக்கா? கல் வாய் திறப்பதில்லை. ஆளும் வராமல் உடம்பும் வராமல், எந்தத் திதியில் காரியம் செய்வதென்று தெரியாமல் நின்ற வீட்டுக்கு அந்த எண் என்ன சொல்லியிருக்கும்?

குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லியோ, அல்லது அறவேயோ நினைவுகூரப்படவில்லை என்று ஆணையம் அமைத்த குழுவே 2021இல் ஒப்புக்கொண்டது. இவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கரும் மத்தியக் கிழக்கைச் சேர்ந்தவர்களும். பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்பும் கேட்டார். சரி, விடுபட்ட பெயர்களைச் செதுக்கிவிட்டால் தீர்ந்ததா? அடுத்தவன் மண்ணைப் பிடிக்க ஏவப்பட்டவர்கள் இவர்கள் என்பதை மறைத்துவிட்டு வெறும் 'தியாகி'களாக்கினால், அது பேரரசின் கதையாடலில் இன்னொரு வரி, அவ்வளவே.

நாம் பெயரைக் கேட்பது பெருமைக்காக அல்ல. எண்ணிடம் எதையும் விசாரிக்க முடியாது. பெயர் கிடைத்தால்தான் ஊர், சாதி, கூலி, அனுப்பியது யார் என்று கேட்கத் தொடங்கலாம். அந்த வேலையை லண்டனிடம் விட்டுவிட வேண்டியதில்லை. நம்மூர்க் கல்வெட்டின் முன்னாலிருந்தே தொடங்கலாம், தாத்தா சொன்னது இன்னும் யாருக்காவது ஞாபகம் இருக்கும்போதே.