முகமூடிக்குள் ஒரு கதைசொல்லி

‘ஆசிரியர் குறிப்பு எழுதுக’ என்று கேட்டால், ரஸ்ஸல் லீயைப் பற்றி என்னத்த எழுதுவது? பெயரே புனைபெயர். வெளியே வந்தால் கறுப்பு முகமூடி. 1989இல் ‘ட்ரூ சிங்கப்பூர் கோஸ்ட் ஸ்டோரீஸ்’ முதல் நூல் வந்தது. பிறகு இருபதுக்கும் மேற்பட்ட பாகங்கள்.

முகமூடி விளம்பரம்தானே என்பார்கள். விளம்பரம்தான். ஆனால் கதைக்கும் அது உதவுகிறது. பேய்க்கதை வாய்வழியாக வருவது. யார் முதலில் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. வாசகர்கள் அனுப்பிய அனுபவங்களையும் சேர்த்த தொகுப்பு இது. சொல்பவர் முகம் மறைந்தால்தான் “என் கூட்டாளிக்கு நடந்தது” என்ற குரல் நம் காதில் விழும். அடுக்குமாடி வீடு, ராணுவ முகாம் என்று நமக்குப் பழகிய இடங்களே களம். பயமும் அங்கேதான் பிறக்கிறது.

குறையும் உண்டு. பேய் நினைவில் நிற்கிறது, மனிதர்கள் நிற்பதில்லை. ‘உண்மைக் கதை’ என்ற முத்திரை இருப்பதால், நம்ப வைக்கும் உழைப்பு பல இடங்களில் குறைந்துவிடுகிறது.

மாணவர்களே, உங்கள் கட்டுரைக்கு அந்த முத்திரை கிடையாது. “இது உண்மையில் நடந்தது” என்று தொடங்காதீர்கள். பயப்படுகிறவர் யார் என்று முதலில் காட்டுங்கள். நம்பிக்கை தானாக வரும்.