சர்வாங்க தகனபலியா?
யூத இனப்படுகொலையைப் பல பாடங்களின் வழியே கற்பித்தல் குறித்து

இரண்டாம் உலகப்போரின்போது ஐரோப்பிய யூதருள் ஏறத்தாழ 60 இலட்சம் பேரை நாஜிகளும் அவர்தம் துணைவரும் கொன்றொழித்த செயலை உலகம் 'ஹோலோகாஸ்ட்' என அழைக்கிறது. இச்சொல் கிரேக்க மூலத்தை உடையது. லேவியராகமம் முதலாம் அதிகாரம் கூறும் பலியைக் குறிக்கப் பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பு இதன் இனச்சொல்லையே ஆளுகிறது. நம் தமிழ்த் திருமறை அதனைச் 'சர்வாங்க தகனபலி' என்கிறது. பலி எனில், அது யாருக்குச் செலுத்தப்பட்டது? செலுத்திய ஆசாரியர் யாவர்? இவ்வினாக்களை எழுப்பியவுடனே அப்பெயரின் பொருந்தாமை விளங்கும். ஆகவேதான் யூதர் பலர் அதனை விடுத்து, ஏசாயா 10:3இல் அழிவைக் குறிக்கும் 'ஷோவா' என்னும் எபிரேயச் சொல்லை வழங்குகின்றனர். பெயரிடுவதிலேயே இறையியல் சிக்கல் இருக்குமாயின், கற்பிப்பதில் அது இன்னும் மிகுதியாக இருக்கும் அன்றோ?

மேலைநாட்டுப் பள்ளிகள் பலவற்றில் இந்நிகழ்ச்சி வரலாற்றுப் பாடத்தோடு நின்றுவிடுவதில்லை. இலக்கியம், அறிவியல், ஓவியம், இசை, சமயக்கல்வி ஆகியவற்றிலும் இதனைக் கற்பிக்கும் முறை வளர்ந்துள்ளது. இம்முறையை நாம் வரவேற்கிறோம். ஏனெனில், அக்குற்றமே பல துறைகளின் கூட்டுறவால் நிகழ்ந்தது. 1942 ஜனவரி 20ஆம் நாள் பெர்லினைச் சார்ந்த வான்ஸேயில் கூடி, யூதரை அழிக்கும் பணியை ஒருங்கிணைத்த 15 பேருள் எண்மர் முனைவர் பட்டம் பெற்றவர். கல்லாமையால் விளைந்த கொடுமை அன்று அது.

ஆயினும், ஒவ்வொரு பாடமும் இதில் எதைக் கற்பிக்க வேண்டும்? தன் துறைக்கு இருந்த பங்கையே முதலில் கற்பிக்க வேண்டும் என்பது நம் கருத்து. 1930களில் ஜெர்மன் கணக்குப் பாடநூல் ஒன்று, மனநல விடுதி ஒன்றைக் கட்ட 60 இலட்சம் மார்க் செலவாயிற்று எனக் கூறி, தலைக்கு 15,000 மார்க் வீதம் அத்தொகையில் எத்தனை வீடுகள் கட்டலாம் என மாணவரைக் கேட்டது. விடை 400. கணக்கில் பிழையில்லை. ஆனால் 1940, 1941ஆம் ஆண்டுகளில் அத்தகைய விடுதிகளில் இருந்தோருள் 70,000 பேர் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர். உயிரியல் வகுப்பில் இனக்கோட்பாடு அறிவியலாகப் புகட்டப்பட்டது. பூச்சிகளைக் கொல்ல 1920களில் உருவாக்கப்பட்ட சைக்ளோன் பி என்னும் வேதிப்பொருளே அவுஷ்விட்ஸில் மாந்தரைக் கொன்றது. இவற்றை அந்தந்த வகுப்பிலேயே ஆராயும் மாணவன், தான் கற்கும் கல்வியையே வினவக் கற்பான்.

இலக்கிய வகுப்பு இவ்வளவில் வெற்றி பெறவில்லை. 1947இல் வெளிவந்த ஆன் ஃபிராங்க்கின் நாட்குறிப்பைவிட, அதனைத் தழுவி 1955இல் அரங்கேறிய நாடகமே பல பள்ளிகளில் பயிலப்பட்டது. மனிதரின் உள்ளார்ந்த நன்மையில் நம்பிக்கை தெரிவிக்கும் ஒரு வரி நாடகத்தின் முடிவில் ஒலிக்கிறது. நாட்குறிப்பிலோ அது 1944 ஜூலை 15ஆம் நாள் எழுதப்பட்ட பகுதியில், அச்சமும் கலக்கமும் சூழ நிற்கும் ஒரு வரி. மூன்று வாரத்துக்குள் அச்சிறுமி பிடிபட்டாள்; 1945இல் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்தாள். வாசகருக்கு ஆறுதல் தேடித் தரும் பொருட்டு அவள் சொல்லை இடம்பெயர்த்தது நேர்மையான திறனாய்வு ஆகாது.

நம் முதன்மையான குறை சமயக்கல்வியைப் பற்றியது. அவ்வகுப்பில் பெரிதும் எடுத்துரைக்கப்படுவோர் 1945 ஏப்ரல் 9ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட போன்ஹோஃபரும், யூதரை மறைத்துவைத்துக் காத்த கொரி டென் பூம் குடும்பத்தாருமே. இவர்கள் போற்றுதற்குரியவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் இவர்கள் சிலரே. 1543இல் லூத்தர் யூதருக்கு எதிராக எழுதிய நூலில் அவர்தம் ஜெபாலயங்களை எரிக்குமாறு பரிந்துரைத்தார். 1938 நவம்பரில் அவை எரிந்தபோது, துரிங்கியாவின் பேராயர் ஸாஸே, லூத்தரின் பிறந்தநாளில் அது நேர்ந்ததென மகிழ்ந்து, அந்நூற்பகுதிகளைத் துண்டு நூலாக வெளியிட்டார். 1939இல் திருச்சபை வாழ்விலிருந்து யூதச் செல்வாக்கை அகற்றவென ஐசெனாக்கில் ஒரு நிறுவனமே தோன்றியது. அதன் ஆய்வுத் தலைவர் குருண்ட்மன், புதிய ஏற்பாட்டுப் பேராசிரியர்.

லூத்தரின் பகை சமயப் பகை, ஹிட்லரின் பகை இனப் பகை. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது எனச் சிலர் மறுப்பர். இவ்வேறுபாடு உண்மையே. ஆயினும், நூற்றாண்டுகளாக யூதரை வெறுக்கப் பழகிய சபையார், புதிய வெறுப்பு வந்தபோது அதை எதிர்க்கும் வலிமையற்றிருந்தனர் என்பதை அவ்வேறுபாடு மறைத்துவிடாது. எதிர்த்தோரும் இதில் குறைபட்டனர். 1934இன் பார்மன் அறிக்கை யூதரைக் குறிப்பிடவில்லை. அதனைத் தம் குற்றமாகக் கார்ல் பார்த் 1967இல் ஒப்புக்கொண்டார். 1945இன் ஸ்டுட்கார்ட் குற்ற அறிக்கையும் யூதரைப் பெயரிட்டுக் கூறவில்லை. ரைன்லாந்துத் திருச்சபையின் பேரவை, ஜெர்மன் கிறிஸ்தவரின் உடன்பொறுப்பையும் குற்றத்தையும் அறிக்கையிட்டது 1980இல்தான்.

இது தொலைநாட்டுச் செய்தி என நாம் ஒதுங்கிவிட இயலாது. இறையியல் நூலகங்களில் நாம் எடுத்தாளும் புதிய ஏற்பாட்டுச் சொற்களின் பேரகராதியைத் தொடங்கிப் பதிப்பித்த கெர்ஹார்ட் கிட்டல், 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். அவ்வாண்டே யூதரின் குடியுரிமையை மறுக்கும் நூலை எழுதியவர். அவ்வகராதியை எரிக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. பிற்கால யூத சமயத்தை அது சித்திரிக்கும் இடங்களை விழிப்போடு படிக்க வேண்டும் என்கிறோம்.

பெரிய வெள்ளியன்று நம் பிரசங்கபீடங்களில் மத்தேயு 27:25 எவ்வாறு விளக்கப்படுகிறது? ஓய்வுநாள் பள்ளியில் பரிசேயர் அனைவரையும் மாயக்காரரெனச் சிறுவருக்குச் சொல்லிவிடுகிறோம். சிலுவைத் தண்டனை ரோம ஆளுநரின் தீர்ப்பு என்பதையும், ஆண்டவரும் அவர் தாயாரும் அப்போஸ்தலரும் யூதரே என்பதையும் அத்துணை அழுத்தமாகச் சொல்கிறோமா?

கணக்காசிரியர் தம் பாடநூலின் பழியை வகுப்பில் எடுத்துரைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாம், நம் துறையின் பழியை மறைத்து வீரரை மட்டும் காட்டுவது முறையன்று. ஸாஸேயையும் குருண்ட்மனையும் அறிந்த மாணவனுக்கே, போன்ஹோஃபர் எதை எதிர்த்து நின்றார் என்பது விளங்கும். நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே துவங்கும் என்று பேதுரு நிருபத்திலிருந்து போதிக்கும் நாம், இப்பாடத்தையும் அங்கிருந்தே தொடங்குவோமாக.