குறிஞ்சித் தேனும் வத்தல்மலைக் காப்பியும்

மலைவாழ் மக்களைப் பற்றித் தமிழில் எழுந்த புதினங்களுள் இராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' (1963) முன்னோடி எனத்தக்கது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சியைக் காலக்கணக்காகக் கொண்டு, நீலகிரிப் படகர்களின் வாழ்வை அது விரித்துரைக்கிறது. ராகியும் சாமையும் விளைந்த மண்ணில் உருளைக்கிழங்கும் தேயிலையும் புகுகின்றன. மண்ணோடு மனித உறவுகளும் மாறிவிடுகின்றன.

இந்நூலை இன்று தருமபுரி மாவட்டத்து வத்தல்மலையை மனத்திற்கொண்டு படிப்போமானால், அதன் வலிமையும் குறையும் ஒருங்கே புலப்படும்.

வத்தல்மலையில் வாழ்வோர் 'மலையாளி' என்னும் பழங்குடியினர். மலையை ஆள்வோர் என்பது இப்பெயருக்குச் சொல்லப்படும் பொருள். கேரள மக்களோடு இதற்குத் தொடர்பில்லை. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்பது இம்மக்களின் மரபுக்கதை. எனவே, மாறாத பழமைதான் பண்பாடு என்று கொள்வதற்கு இவர்கள் வரலாற்றில் இடமில்லை. ராகியும் சாமையும் விளைந்த இம்மலையில் இன்று சில்வர் ஓக் நிழலில் காப்பியும், அதனூடே மிளகும் வளர்கின்றன.

சாமை விளைந்தால் வீட்டுக் குதிர் நிறையும். காப்பியோ விலையை எதிர்பார்த்து நிற்கும். அவ்விலை நியூயார்க், லண்டன் சந்தைகளை ஒட்டி ஏறி இறங்குகிறது. 1989-இல் பன்னாட்டுக் காப்பி உடன்படிக்கையின் பங்கீட்டு முறை முறிந்தது. இந்தியாவில் காப்பி வாரியமே கொள்முதல் செய்து விற்ற ஏற்பாடு 1996-இல் முடிவுக்கு வந்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலக விலை சரிந்தபோது சிறு விவசாயிகள் நேரடியாகச் சந்தையின் முன் நின்றனர்.

'குறிஞ்சித் தேன்' இந்த மாற்றத்தை மாந்தர் குணமாகக் காட்டுகிறது: மண்ணைப் போற்றும் ஜோகி ஒருபுறம், பணத்தை நாடும் ரங்கன் மறுபுறம். வீட்டுக்குள் விழும் விரிசலை இத்துணை நுட்பமாகக் காட்டிய படைப்புகள் தமிழில் சிலவே. அதுவே நூலின் பெருமை. ஆயின், விலை வகுக்கும் தொலைதூரக் கை கதையில் போதிய உருவம் பெறவில்லை. பேராசை மட்டுமா ஒருவனைப் பணப்பயிருக்குத் தள்ளுகிறது? பிள்ளையின் படிப்பும் நோய்க்கு மருந்தும் சாமையால் கிட்டாதபோது, காப்பி நடுபவனை நாம் எவ்வாறு குறைகூறுவது?

சாலையும் காப்பியும் வேண்டாமென்று மலைமக்களுக்கு அறிவுரை கூறும் தகுதி சமவெளியினருக்கு இல்லை. தம் நிலத்தில் எதை விதைப்பது, எவ்விலைக்கு விற்பது என்பதில் அவர்களுக்கு எவ்வளவு உரிமை உண்டு என்பதே கேட்கத்தக்க வினா. அவ்வினாவை நெஞ்சில் ஏந்திய ஒரு புதினம் வத்தல்மலையிலிருந்தே, அம்மண்ணின் மகனோ மகளோ எழுத, பிறத்தல் வேண்டும்.